அஞ்சலட்டை அளவில் ஒரு தோட்டம்: ஃப்ரகோனாரின் 'சிறிய பூங்கா'

ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டை அளவுதான். உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 14 சென்டிமீட்டர் சொச்சம். உள்ளங்கையை விரித்து மேலே வைத்தால் பெரும்பகுதி மறைந்துவிடும். அதற்குள் ஒரு பழைய இத்தாலியத் தோட்டம் இருக்கிறது. தன்னிஷ்டத்துக்கு வளர்ந்து வானத்தை அடைத்துக்கொண்ட மரங்கள், உயர்த்திக் கட்டிய ஒரு தளம், அதன் கைப்பிடிச் சுவர், சிலைகள், நடுவில் இலைகள் கவிந்து உண்டான ஒரு வளைவு, அதற்குள்ளிருந்து வரும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் சில மனிதர்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு விரல் நகத்துக்குள் அடங்கிவிடுவார்கள்.

பிரெஞ்சு ஓவியர் ழான் ஹொனோரே ஃப்ரகோனார் 1763 வாக்கில் செம்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரித்து, தாளில் அச்சிட்ட எட்சிங் இது. 'ல பெத்தி பார்க்' என்பது பெயர். 'சிறிய பூங்கா' என்று பொருள். இதே காட்சியை அவர் எண்ணெய் வண்ணத்திலும் தீட்டியிருக்கிறார். அந்த ஓவியம் லண்டனில் வாலஸ் தொகுப்பில் உள்ளது. குவாஷ் என்ற அடர்த்தியான நீர்வண்ணத்தில் செய்தது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. ஆனாலும் வண்ணமே இல்லாத இந்தச் சின்னத் தாளில்தான் தோட்டத்தின் வெயில் சரியாகக் கிடைக்கிறது என்பது என் எண்ணம். ஏன் அப்படி என்று புரிய, தகட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

எட்சிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஓலைச்சுவடியை நினைவூட்டுவது எளிது. எழுத்தாணியால் ஓலையைக் கீறும்போது எழுத்து சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, துணியால் துடைப்பார்கள். மேற்பரப்பில் உள்ள கரி போய்விடும், கீறலுக்குள் புகுந்த கரி தங்கிவிடும். எழுத்து கறுப்பாக எழும்பும். செம்புத் தகட்டில் மை ஏற்றுவதும் இதே முறைதான். ஓலையைக் கையில் வைத்துப் படிக்கிறோம். தகட்டின் மேல் ஈரத்தாளை வைத்து அழுத்தி, பள்ளத்தில் தங்கிய மையைத் தாளுக்கு மாற்றுகிறோம். வித்தியாசம் அவ்வளவே.

அந்தப் பள்ளத்தை உண்டாக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, பூரின் என்ற கூர்மையான உளியைச் செம்பில் ஊன்றித் தள்ளி, உலோகத்தைச் சுருள் சுருளாக வழித்தெடுப்பது. பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுபவரின் கையைப் பார்த்திருப்பீர்கள்; உலோகம் எதிர்க்கும், கை அழுத்தும், கோடு நிதானமாகத்தான் நகரும். பூரின் வேலை அதைவிடக் கடினம். அதைச் சரியாகக் கற்கவே பல வருடம் பட்டறையில் கிடக்க வேண்டும்.

இரண்டாவது வழிதான் எட்சிங். தகட்டைச் சூடாக்கி அதன்மேல் மெழுகும் நிலக்கீலும் குங்கிலியமும் கலந்த ஒரு பூச்சை மெல்லிசாகப் பரப்புவார்கள். பிறகு தகட்டைத் தலைகீழாகப் பிடித்து, கீழே மெழுகுத்திரிகளைக் கொளுத்திக் காட்டுவார்கள். புகை ஏறி, பூச்சு கன்னங்கரேலென்று ஆகிவிடும். ஆறியதும் ஊசியால் அதில் வரைய வேண்டியதுதான். ஊசி கிழிப்பது மெழுகை மட்டுமே, செம்பை அல்ல. எதிர்ப்பே இருக்காது. ஊசி போன வழியெல்லாம் கறுப்புக்கு நடுவே செம்பு பளபளவென்று மின்னும்.

அடுத்து, தகட்டின் ஓரத்தைச் சுற்றி மெழுகால் ஒரு சின்ன வரப்பு கட்டி, நீர் கலந்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றுவார்கள். பிரெஞ்சில் அதற்கு 'ஓ-ஃபோர்த்' என்று பெயர், 'வலிய நீர்'. அந்தப் பெயரே அச்சுமுறைக்கும் ஆகிவந்துவிட்டது. அமிலம் செம்பைத் தொட்டதும் கோடுகளின் மேல் பொடிப்பொடியாகக் குமிழ்கள் வரிசை கட்டும். குமிழ் தங்கினால் அந்த இடத்தில் அரிப்பு சீராக இருக்காது. ஆகவே ஒரு பறவை இறகால் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தூரத்து மரங்கள் வெளிறித் தெரிய வேண்டுமென்றால் கொஞ்ச நேரத்திலேயே அமிலத்தைக் கொட்டிவிட்டு, அந்தப் பகுதியைப் பூச்சால் மூடி, மீண்டும் ஊற்ற வேண்டும். முன்னால் இருக்கும் புதர்கள் இரண்டாவது, மூன்றாவது முறையும் அமிலத்தில் கிடக்கும். கோடு ஆழமாகும், அகலமாகும், அதிக மை பிடிக்கும், அச்சில் கறுக்கும். தூரமும் பக்கமும் இப்படி நேரக் கணக்கில் தீர்மானமாகின்றன.

இந்த வித்தையைப் புத்தகமாக எழுதிவைத்தவர் பிரெஞ்சுச் செதுக்குநர் ஆப்ரகாம் போஸ்; 1645இல் வந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1745இல், இன்னொரு செதுக்குநரான இளைய கொஷேன் அதைத் திருத்தி விரிவாக்கிப் பதிப்பித்தார். பூச்சு காய்ச்சுவது, ஊசி தீட்டுவது, அமிலத்தின் வீரியம் பார்ப்பது, அச்சுப்பொறி அமைப்பது என்று எல்லாம் அதில் உண்டு. பட்டறை வாசலை மிதிக்காத ஒருவரும் வீட்டிலேயே முயன்று பார்க்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

முயன்றும் பார்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் எட்சிங்கின் கதை பாதிக்குமேல் தொழிலாளிகளின் கதை அல்ல. பிரபுக்கள், அபேக்கள் எனப்பட்ட கிறித்தவக் குருமார், அரண்மனைப் பெண்கள் ஊசி பிடித்தார்கள். 15ஆம் லூயியின் அன்புக்குரிய மதாம் த பொம்பதூர் தானே எட்சிங் செய்தார். தொல்பொருள் ஆர்வலரான கேலூஸ் பிரபு செய்தார். வரி வசூல் அதிகாரியாகப் பெருஞ்செல்வம் படைத்திருந்த வத்லே செய்தார். பெருங்கலைக்களஞ்சியமான 'என்சிக்லோபெதி'யில் செதுக்குக் கலை பற்றிய கட்டுரையை எழுதியவரும் அவர்தான். இவர்களுக்குப் பக்கத்தில், ஓவியர்கள். ஓவியருக்கும் செதுக்குநருக்கும் நடுவே அப்போது தெளிவான கோடு இருந்தது. செதுக்குநர் பிறர் ஓவியத்தைத் தகட்டில் ஏற்றி விற்பவர். அவருக்கு எட்சிங் என்பது அடித்தளம். முதலில் அமிலத்தால் உருவத்தைப் பதித்துக்கொண்டு, பிறகு பூரினால் மெருகேற்றி முடிப்பார். ஓவியரோ அந்த அடித்தளத்திலேயே நின்றுவிடலாம். தன் கையெழுத்து தெரிவதே அவருக்குப் போதும். நூற்றாண்டு நகர நகர, சேகரிப்பாளர்களும் அந்த மெருகேறாத நிலையையே தேடி வாங்கத் தொடங்கினார்கள்.

காசும் இதில் இருந்தது. ஓவியர் அந்துவான் வாத்தோ 1721இல் இளம் வயதில் இறந்ததும், அவருடைய நண்பர் ழான் த ஜூலியேன் வாத்தோவின் சித்திரங்களைத் திரட்டி 1726, 1728 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக எட்சிங்கில் வெளியிட்டார். முந்நூற்றைம்பது சித்திரங்களுக்கு மேல். அதில் நூற்றுக்கும் அதிகமானவற்றைச் செய்தவர் அப்போது பெயர் பெறாத இளைஞர் ஃபிரான்சுவா பூஷே. ஒரு நாளைக்கு 24 லீவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) கூலி. கொடுத்தவருக்கும் திருப்தி, வாங்கியவருக்கும் திருப்தி என்று அக்காலச் சேகரிப்பாளர் மரியேத் எழுதிவைத்திருக்கிறார். வேகமாகப் போட்ட ஒரு சித்திரத்தின் வேகத்தைக் கெடுக்காமல் அப்படியே செம்புக்கு மாற்றுவது எப்படி என்பதை பூஷே அங்கே கற்றுக்கொண்டார். அந்த பூஷேயிடம் பிற்பாடு பயின்றவர்தான் ஃப்ரகோனார்.

ஃப்ரகோனார் 1732இல் தெற்கே கிராஸ் நகரில் பிறந்தவர். கையுறைக்கும் வாசனைத் தைலத்துக்கும் பேர்போன ஊர். தந்தையின் தொழிலும் கையுறை சார்ந்ததே. 1752இல், இளம் கலைஞர்களை ரோமில் பயில அனுப்பும் ரோம் பரிசை வென்று, 1756 இறுதியில் ரோமில் உள்ள பிரெஞ்சுக் கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இயக்குநராக இருந்த நத்துவாருக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. மாணவர்களைச் சிலைகளின் முன் மட்டும் உட்காரவைக்காமல், வெளியே போய் மரத்தையும் இடிபாட்டையும் நேரில் பார்த்து வரையச் சொல்வார்.

1760 கோடையில் ஃப்ரகோனாருக்கு ஒரு வாய்ப்பு அமைந்தது. அபே த சேன்-நோன் என்று அழைக்கப்பட்ட ழான்-குளோத் ரிஷார், பாரிஸ் நீதிமன்றப் பதவியை உதறிவிட்டு இத்தாலிக்கு வந்திருந்த கலைப்பித்தர். ரோமுக்குக் கிழக்கே, திவோலியில் உள்ள வில்லா தெஸ்தேயில் தங்க அவருக்கு இடம் கிடைத்தது. கூடவே ஃப்ரகோனாரையும் அழைத்துப் போனார். இருவரும் ஒன்றரை மாதமாக அங்கே இருக்கிறார்கள், இளைஞர் அருமையான பயிற்சிச் சித்திரங்கள் செய்கிறார் என்று ஆகஸ்டு மாதம் நத்துவார் பாரிசுக்குக் கடிதம் எழுதினார்.

வில்லா தெஸ்தே அப்போது என்ன நிலையில் இருந்தது என்பதைச் சொல்லாமல் இந்த எட்சிங்கைப் பேச முடியாது. இரண்டாம் இப்போலித்தோ தெஸ்தே என்ற கார்டினல் 1550இல் திவோலியின் ஆளுநராக வந்து, பிர்ரோ லிகோரியோவின் திட்டப்படி மலைச்சரிவைச் செதுக்கிக் கட்டிய தோட்டம் அது. ஆற்றுநீரைத் திருப்பி, ஏற்றம் இல்லாமல், இறக்கத்தின் விசையிலேயே நூற்றுக்கணக்கான நீரூற்றுகளைப் பீய்ச்சவைத்த பொறியியல். இரண்டு நூற்றாண்டு கழித்து அது மோதேனா கோமகன்களின் கையில், கவனிப்பாரற்றுக் கிடந்தது. சிலைகள் பல விற்கப்பட்டுவிட்டன. கத்தரிக்க ஆள் இல்லாமல் சைப்ரஸ் மரங்கள் கோபுரமாக எழும்பின. அளவு பார்த்து நட்ட தோட்டம் காடாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஃப்ரகோனார் கண்டது அந்தக் காட்டை. கார்டினலின் காலத்தில் வந்திருந்தால் இந்தப் படம் பிறந்திருக்காது.

அந்தக் கோடையில் சிவப்புச் சுண்ணத்தால் அவர் செய்த பெரிய சித்திரங்களில் பத்து இன்று பிரான்சில் பெசான்சோன் அருங்காட்சியகத்தில் உள்ளன. சிவப்புச் சுண்ணம் வழவழப்பான, வெதுவெதுப்பான ஒரு பொருள். பட்டையாகத் தேய்க்கலாம், நுனியால் கீறலாம், அழுத்தம் கூட்டலாம், குறைக்கலாம். இலைக்கூட்டத்தை ஃப்ரகோனார் தனித்தனி இலையாக வரைவதே இல்லை. கையை எடுக்காமல் வளைந்து வளைந்து ஓடும் ஒரு கிறுக்கலாகப் போடுகிறார். அந்தக் கிறுக்கல் அடர்ந்தால் நிழல், அவிழ்ந்தால் வெயில்.

1761 ஏப்ரலில் இருவரும் ரோமை விட்டுப் புறப்பட்டார்கள். ஃப்ளோரன்ஸ், பொலோன்யா, வெனிஸ் என்று ஊர் ஊராக நின்று, தேவாலயங்களிலும் மாளிகைகளிலும் இருந்த பழைய ஓவியங்களை ஃப்ரகோனார் கறுப்புச் சுண்ணத்தில் நூற்றுக்கணக்கில் நகல் எடுத்தார். அந்த ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் பாரிஸ் வந்து சேர்ந்தார். எட்சிங் ஊசியை அவர் மும்முரமாகக் கையில் எடுத்தது அதற்குப் பின்தான். பயண நகல்களில் சிலவற்றைத் தகட்டில் ஏற்றினார்; சாட்டிர்கள் (கிரேக்கப் புராணத்தின் ஆட்டுக்கால் வனவாசிகள்) விளையாடும் நான்கு காட்சிகளைச் செய்தார், அவற்றில் ஒன்றில் 1763 என்று ஆண்டே பொறித்திருக்கிறார். 'சிறிய பூங்கா'வும் அதே காலத்தது.

ஆக, தோட்டத்தைப் பார்த்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பாரிஸில் ஒரு மேசையின் முன் உட்கார்ந்து வரைந்த படம் இது. வில்லா தெஸ்தேயில் இந்த மூலை இப்படியே இருந்தது என்று யாரும் விரல் வைத்துக் காட்ட முடியாது. கைப்பிடிச் சுவரும் சிலையும் மரக்கவிகையும் அங்கிருந்து வந்தவை. அவை ஒன்றுசேர்ந்த விதம் ஃப்ரகோனாருடையது. ஊருக்குப் போய் வந்து பல நாள் கழித்து, வீட்டு முற்றத்தையும் கிணற்றடியையும் நினைவில் ஒன்றாகக் கோத்துச் சொல்வோமே, அந்த வகை உண்மை.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சங்கடம் இருந்தது. சிவப்புச் சுண்ணம் தரும் மென்மை ஊசியால் வராது. ஊசிக்கோடு தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே தடிமன். அழுத்தினாலும் பயனில்லை, ஆழத்தைத் தருவது அமிலம், விரல் அல்ல. தேய்த்து நிழல் போட வழியில்லை. ஃப்ரகோனார் இதற்குக் கண்ட விடை, கோட்டின் தடிமனை நம்பாமல் அதன் திசையையும் இடைவெளியையும் நம்புவது. படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். (நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தின் பிரதி இணையத்தில் கிடைக்கிறது.) மரங்களில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வலைக்கோடுகள் அதிகம் இல்லை. சின்னச் சின்ன வளையங்களும் நெளிவுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஓரிடத்தில் நெளிவு நெருங்குகிறது, அடுத்த இடத்தில் விட்டுப்போகிறது. விட்டுப்போன இடத்தில் வெறும் தாள். அந்த வெறும் தாள்தான் வெயில்.

எண்ணெய் வண்ணத்தில் வெளிச்சம் வேண்டுமென்றால் வெள்ளை வண்ணத்தை எடுத்து வைக்க வேண்டும். அது ஒரு பொருள், அதற்குக் கனம் உண்டு. எட்சிங்கில் வெளிச்சம் என்பது ஊசி தொடாத செம்பு. நடு வளைவுக்குள்ளிருந்து வரும் ஒளியை ஃப்ரகோனார் வரையவில்லை. சுற்றிலும் இருளை வரைந்து, ஒளிக்கு இடம் விட்டிருக்கிறார். வண்ண ஓவியத்தைவிட இந்தச் சின்னத் தாளில் வெயில் சரியாக விழுகிறது என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இனி, அந்த மனிதர்கள்.

நிலக்காட்சியில் மனிதர்களை வைப்பது அந்தக் காலத்தில் வெறும் விருப்பம் அல்ல. பாரிஸ் கலைக்கழகத்தில் ஓவிய வகைகளுக்குப் படிநிலை உண்டு. 1660களில் கலை எழுத்தாளர் ஃபெலிபியேன் வகுத்தது அது. புராணமும் வரலாறும் உச்சியில், நிலக்காட்சி வெகு கீழே. நிலக்காட்சிக்கு மரியாதை வேண்டுமென்றால் அதில் ஏனியாஸ் போன்ற ஒரு புராண வீரனோ ஒரு துறவியோ நடந்துபோக வேண்டும். வாத்தோ அந்தச் சட்டகத்தை உடைத்தார். அவருடைய பூங்காக்களில் இருப்பவர்கள் கதைமாந்தர் அல்லர். பட்டு உடுத்திப் பேசிக்கொண்டும் இசைத்துக்கொண்டும் இருக்கும் சாதாரண மேல்தட்டு மனிதர்கள். 1717இல் கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டபோது, ஆவணத்தில் 'ஃபேத் கலாந்த்' என்று எழுதிக்கொண்டது. உல்லாசக் கூடல் என்று சொல்லலாம். ஆனால் வாத்தோவிடமும் மனிதர்கள் முன்னால், மரங்கள் பின்னால்.

'சிறிய பூங்கா'வில் இது தலைகீழாகிவிட்டது. மரங்கள் பேசுகின்றன, மனிதர்கள் கேட்கிறார்கள். ஒரு உருவத்துக்கு எத்தனை கோடு என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: தோளுக்கு ஒரு வளைவு, பாவாடைக்கு இரண்டு மூன்று இழுப்பு, தலைக்கு ஒரு புள்ளிபோன்ற சுழி. முகம் கிடையாது. இருந்தும் தளர்ந்து நிற்பதா, எட்டிப் பார்ப்பதா என்பது தெரிந்துவிடுகிறது. இன்னொன்று எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்தது. சிலைகளையும் மனிதர்களையும் ஃப்ரகோனார் ஒரே வகைக் கோட்டால்தான் போட்டிருக்கிறார். கல்லுக்குத் தனி, சதைக்குத் தனி என்று பிரிக்கவில்லை. முதல் பார்வையில் எது சிலை, எது ஆள் என்று கண் தடுமாறும். அதை ஒரு குறை என்று சொல்பவர்கள் சொல்லட்டும்; பாழடைந்த தோட்டத்தில் மாலை நேரம் நடந்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் தெரியும்.

இதே ஆண்டுகளில் ரோமிலேயே தங்கிவிட்ட அவருடைய நண்பர் யூபேர் ரொபேரும் ஊசி பிடித்தார். 1763–64இல் 'ரோமின் மாலைப்பொழுதுகள்' என்று பத்துச் சிறு தகடுகள். வத்லேயுடன் ரோமுக்கு வந்திருந்த அவருடைய துணைவி மார்கரித் ல கோந்த்துக்குக் காணிக்கையாக்கினார். அந்த அம்மையாரும் எட்சிங் செய்பவர்தான். ரொபேரின் தகடுகளில் இடிந்த வளைவும் கல்தொட்டியும் பெரிதாக நிற்க, ஓரமாக யாராவது நடமாடுவார்கள். அவர் பாரிஸ் திரும்பி 1767இல் கலைக்கழகத்தின் கண்காட்சியில் இடிபாட்டு ஓவியங்களை வைத்தபோது, எழுத்தாளரும் கலை விமர்சகருமான தித்ரோ அவற்றைப் பாராட்டிவிட்டு ஒரு குறை சொன்னார். உருவங்கள் அதிகம். தனிமையையும் மௌனத்தையும் கூட்டுகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை எடுத்துவிட வேண்டும் என்றார். ஃப்ரகோனாரின் சிறிய தகட்டைத் தித்ரோ மனத்தில் வைத்து இதைச் சொன்னதாகக் கருத எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அவர் கேட்டது நான்கு ஆண்டு முன்பே அதில் செய்யப்பட்டிருந்தது. அந்தத் தளத்தின் மேல் நிற்பவர்களில் ஒருவரை எடுத்துவிட்டால் தோட்டம் இன்னும் அமைதியாகாது, வெறுமையாகிவிடும். மரம் எவ்வளவு உயரம் என்பதும் தெரியாமல் போகும்.

1765 கண்காட்சியில் ஃப்ரகோனார் தன் பெரிய புராண ஓவியத்தால் பெயர் வாங்கினார். சேன்-நோனுக்குச் சொந்தமான இரண்டு வில்லா தெஸ்தே சித்திரங்களும் அப்போது மாட்டப்பட்டன. சேன்-நோன் தாமே ஃப்ரகோனாரின் சித்திரங்களைத் தொடர்ந்து தகட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். தெற்கு இத்தாலி பற்றிய பிரம்மாண்டமான படப் புத்தகத்தை 1781 முதல் 1786 வரை வெளியிட்டு, அதில் தன் செல்வத்தையெல்லாம் கரைத்தார். ஃப்ரகோனாரோ அதற்குள் ஊசியை வைத்துவிட்டார். தூரிகை அழைத்தது, பணமும் அங்கேதான் இருந்தது.

மீண்டும் அவர் செம்பைத் தொட்டது 1778இல். மனைவியின் தங்கை மார்கரித் ஜெரார் கிராஸிலிருந்து பாரிஸ் வந்து இவர்கள் வீட்டில் தங்கியிருந்தாள். அவளுக்குக் கற்றுக்கொடுக்கும் சாக்கில் எடுத்த ஊசிதான். அந்த ஆண்டு செய்த 'அலமாரி' என்ற தகடு 'சிறிய பூங்கா'வைப்போலப் பல மடங்கு பெரியது. ஒளிந்திருந்த காதலனை அலமாரிக்குள் கண்டுபிடித்த பெற்றோர், அழும் பெண், கதவோரம் எட்டிப் பார்க்கும் சிறுவர்கள். கோடுகள் ஒழுங்காகச் சாய்ந்து நிற்கின்றன, முகங்கள் எல்லாம் தெரிகின்றன, ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. மரம் ஒன்றுகூட இல்லை.